நகராட்சியில் பணமில்லை, முதலில் தினக்கூலிகளைத்தான் நிறுத்த வேண்டுமா?

கடலூர் மாவட்டத்து நகராட்சி ஒன்றின் வார்டு உறுப்பினர் எழுதிய கடிதம் இது. முதல் முறையாக மன்றத்துக்கு வந்திருப்பவர். ஊர் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

மூன்று மாதமாக அவருடைய நகராட்சியில் சம்பளம் தள்ளித் தள்ளித்தான் வருகிறது. மின்கட்டண பாக்கி ஏறியிருக்கிறது. சொந்த வருவாய் முழுவதும் சம்பளத்துக்கும் ஓய்வூதியப் பங்களிப்புக்குமே போதவில்லை என்கிறார் கணக்காளர். அடுத்த கூட்டத்துக்கு ஒரு மன்றப் பொருள், அதாவது தீர்மானத்துக்கான முன்மொழிவு, வரப்போகிறது. நேரடியாகத் தினக்கூலி வாங்கும் 62 தூய்மைப் பணியாளர்களை நிறுத்திவிட்டு அக்டோபர் முதல் தனியார் ஏஜென்சியிடம் விடுவது, காலியாக உள்ள 9 பணியிடங்களை நிரப்பாமல் வைப்பது ஆகிய இரண்டும் அதில் உள்ளன. அந்த 9-இல் மூன்று, வரி வசூலிக்கும் பில் கலெக்டர் பணியிடம். நிரந்தர ஊழியர் சம்பளத்தில் 20 சதவீதம் பிடிக்கலாம் என்றும் ஒரு மூத்த உறுப்பினர் சொல்லியிருக்கிறார். “ஆளைக் குறைக்கச் சொல்லி அரசாணையே இருக்கிறது. தினக்கூலிகளுக்கு நியமன ஆணையே கிடையாது, அவர்களால் என்ன செய்ய முடியும்? ஏஜென்சிக்குக் கொடுத்துவிட்டால் நமக்குப் பொறுப்பு இல்லை என்கிறார்கள். என் வார்டில் பெருக்க வரும் அக்காவே அந்தப் பட்டியலில் இருக்கிறார். ஆதரித்தால் பாவம், எதிர்த்தால் நகராட்சியை முடக்கப் பார்க்கிறாள் என்பார்கள். இது உண்மையிலேயே மிச்சம்தானா? பின்னால் என் தலையில் ஏதாவது விழுமா?” என்று கேட்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

பணத் தட்டுப்பாடு உண்மைதான் என்று உங்கள் கடிதத்தில் உள்ள விவரங்களே சொல்கின்றன. சம்பளச் செலவைப் பார்க்காமல் அந்த நகராட்சி மீளாது. ஆனால் உங்கள் முன் வைத்திருக்கும் பொருள், எளிதில் வெட்டக்கூடிய இடத்தில் வெட்டுகிறதே தவிர, பணம் போகும் இடத்தில் வெட்டவில்லை. கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சட்டத்துக்கு வருகிறேன். அதற்கு முன் மன்றத்தால் முடியாததை ஒதுக்கிவிடுவோம்.

நிரந்தர ஊழியர் சம்பளத்தில் கை வைக்கும் அதிகாரம் நகர்மன்றத்துக்கு இல்லை. சம்பள விகிதம், அகவிலைப்படி, விடுப்பு ஒப்படைப்புப் பணம் எல்லாம் மாநில அரசின் ஆணைப்படி நடப்பவை. 2020-இல் கொரோனா நெருக்கடியில் அகவிலைப்படி உயர்வை நிறுத்தியது அரசு. ஈட்டிய விடுப்பைப் பணமாக்குவதை நிறுத்தியதும், ஓய்வு வயதை 58-லிருந்து 59 ஆகவும் மறு ஆண்டு 60 ஆகவும் உயர்த்தியதும் அரசுதான். எந்த நகராட்சியும் தானாகச் செய்யவில்லை. ஓய்வு வயதை உயர்த்தியதால் பணிக்கொடை கொடுக்கும் நாள் தள்ளிப்போனது. உச்ச சம்பளத்தில் இருந்தவர்கள் இரண்டு ஆண்டு கூடுதலாக அதே சம்பளத்தில் இருந்தார்கள். அந்த மூத்த உறுப்பினரின் யோசனையைத் தீர்மானமாக்கினால், முதல் ரிட் மனுவிலேயே அடிபட்டுப் போகும்.

‘அரசாணை’ என்று வாய்வார்த்தையாகச் சொல்வதையும் அப்படியே ஏற்காதீர்கள். பலரும் எடுத்துக்காட்டும் 2022 அக்டோபர் மாதத்து அரசாணை எண் 152 மாநகராட்சிகளின் பணியிட அமைப்பைப் பற்றியது. கடலூர் மாநகராட்சியில் அதைப் பற்றிப் பேசலாம், உங்களுடையது நகராட்சி. எந்த ஆணையின்படி இந்தப் பொருள் வருகிறது என்று எண், தேதியோடு கேட்டு நகல் வாங்குங்கள். அப்படியொரு ஆணை இருந்தால், அதில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் பற்றி என்ன சொல்லியிருக்கிறது, ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று இரண்டையும் தனித்தனியாகப் படியுங்கள். பணியிடத்தை ஒழிப்பது வேறு, அதில் இருக்கும் ஆளை வெளியே அனுப்புவது வேறு.

ஏஜென்சி மலிவா?

உதாரணத்துக்கு நாள் கூலி ரூ.550, மாதம் 26 நாள் என்று வையுங்கள். உங்கள் ஊரில் உண்மையான தொகை எதுவோ அதைப் போட்டுக்கொள்ளலாம். மாதக் கூலி ரூ.14,300. வருங்கால வைப்புநிதியில் வேலை கொடுப்பவர் பங்கு 12 சதவீதம். நிர்வாகக் கட்டணமும் காப்பீடும் தலா அரை சதவீதம். ஆக 13 சதவீதம், ரூ.1,859. இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், ரூ.465. நகராட்சி நேரடியாக வைத்தால் ஓர் ஆளுக்கு ரூ.16,624.

அதே ஆளை ஏஜென்சி சட்டப்படி வைத்தால் இந்த ரூ.16,624-உடன் போனஸ் 8.33 சதவீதமும் சேரும், ரூ.1,191. போனஸ் சட்டம் உள்ளாட்சி ஊழியர்களுக்குப் பொருந்தாது. தனியார் நிறுவனத்தின் தொழிலாளிக்குப் பொருந்தும். ஆக ரூ.17,815. இதன் மேல் ஏஜென்சியின் சேவைக் கட்டணம் 7 சதவீதம் என்றால் ரூ.1,247. மொத்தம் ரூ.19,062. நேரடிச் செலவைவிட ஓர் ஆளுக்கு மாதம் ரூ.2,438 கூடுதல். ஒரு சலுகை உண்டு: கழிவகற்றலும் பொதுச் சுகாதாரமும் அரசமைப்பின் 12-ஆவது அட்டவணையில் உள்ள நகராட்சிப் பணிகள் என்பதால், அவற்றுக்காக உள்ளாட்சிக்கு வெறும் ஆள் சேவை மட்டும் தரும் ஒப்பந்தத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு கிடைக்கும். கணினி இயக்குபவர், அலுவலக உதவியாளர் என்று ஏஜென்சி மூலம் எடுத்தால் 18 சதவீத வரியும் கேட்டு பில் வரும். அப்போது அதே ஆள் ரூ.22,493.

அப்படியானால் ரூ.15,000-க்கு ஆள் தருகிறேன் என்று எப்படி டெண்டர் போடுகிறார்கள்? நான்கு வழிகள்தான். 62 பேருக்குப் பதில் 50 பேரை அனுப்பி 62-க்குக் கையெழுத்து வாங்குவது. வைப்புநிதியைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவது. கூலியை வங்கியில் போட்டு ஒரு பகுதியைக் கையில் திரும்ப வாங்குவது. வாரவிடுப்புக்கு மாற்றாள் வைக்காமல் இருப்பவர்கள் மீதே வேலையை ஏற்றுவது. சேவைக் கட்டணம் ‘பூஜ்யம்’ என்று குறிப்பிட்டு வரும் டெண்டரைப் பார்த்து மகிழ்கிற மன்றங்கள் உண்டு. சும்மா வேலை செய்ய எந்த ஏஜென்சியும் கடை திறக்கவில்லை. அந்தப் பூஜ்யம் தொழிலாளியின் கூலியில்தான் ஈடுகட்டப்படும்.

உண்மையான மிச்சம் வரக்கூடிய ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். ஏஜென்சி தன் வண்டி, தன் இயந்திரம் கொண்டுவந்து, ஆள் எண்ணிக்கைக்குப் பதில் வீட்டுக்கு இவ்வளவு அல்லது டன்னுக்கு இவ்வளவு என்று பணம் வாங்கினால் செலவு குறைய வாய்ப்பு உண்டு. அதற்கு எடைமேடையும் வீட்டுக் கணக்கும் நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். எடைமேடை இல்லாத ஊரில் டன் கணக்கில் ஒப்பந்தம் போட்டால் மண்ணும் மழைநீரும் சேர்ந்து எடை ஏறும்.

அந்த 62 பேரின் உரிமை

நியமன ஆணை இல்லாததால் எந்த உரிமையும் இல்லை என்பது தவறு. நிரந்தரம் கேட்கும் உரிமையும், வேலையை விட்டு நிறுத்தும்போது உள்ள உரிமையும் ஒன்றல்ல. உங்கள் மன்றத்தில் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

நிரந்தரம் பற்றி: 2006-இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம், முறையான தேர்வு இல்லாமல் வந்தவர்கள் நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்றது. அதிகாரிகள் இன்றும் அதைத்தான் காட்டுவார்கள். ஆனால் 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கிலும், 2025 ஜனவரியில் காசியாபாத் மாநகராட்சித் தோட்டத் தொழிலாளர்கள் வழக்கிலும், நிரந்தரத் தன்மையுள்ள வேலையை ஆண்டுக்கணக்கில் தற்காலிகம் என்று வாங்கிக்கொண்டு உமாதேவியைக் கேடயமாகப் பிடிக்கக் கூடாது என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 ஆகஸ்டில் தரம் சிங் வழக்கில், நிதிப் பற்றாக்குறையைக் காட்டி அடிமட்டத் தொழிலாளர் முதுகில் பட்ஜெட்டைச் சரிக்கட்டக் கூடாது என்ற பொருளில் தீர்ப்பு வந்தது. உங்கள் மன்றப் பொருளின் முதல் வரியே ‘நிதிநிலை கருதி’ என்று தொடங்குகிறது என்கிறீர்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைத்தான் முதலில் வாசிப்பார்.

நிறுத்துவது பற்றி: ஓராண்டில் 240 நாள் வேலை செய்தவரை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான கூலி தர வேண்டும், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் கூலி இழப்பீடு தர வேண்டும். ஐந்தாண்டு முடித்தவருக்குப் பணிக்கொடை தனி. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இந்த அடிப்படை மாறவில்லை. 62 பேருக்கும் சராசரி எட்டு ஆண்டு என்று நீங்கள் எழுதியிருப்பதை வைத்தே கணக்கிட்டால், ஒருவருக்கு இழப்பீடு ரூ.66,000, பணிக்கொடையும் கிட்டத்தட்ட அதே ரூ.66,000, முன்னறிவிப்புக் கூலி ரூ.14,300. எல்லாருக்கும் சேர்த்து ரூ.90 லட்சத்தைத் தாண்டும். ஆட்களைக் குறைத்தால் இந்த ஆண்டே பணம் மிஞ்சும் என்று சொன்னவர் இந்தத் தொகையைக் கணக்கில் சேர்த்தாரா என்று கேளுங்கள். “அவர்களாகவே ஏஜென்சிக்குப் போய்விடுவார்கள், இழப்பீடு வராது” என்பார்கள். வேலை கொடுப்பவர் மாறி, பழைய ஆண்டுகள் கணக்கில் வராவிட்டால் அது விருப்ப ராஜினாமா ஆகாது. வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கி வைத்தாலும் தொழிலாளர் நீதிமன்றத்தில் நிற்காது.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. 2025-இல் சென்னையில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாரிடம் விட்டபோது ரிப்பன் மாளிகை முன் பல நாள் போராட்டம் நடந்தது. அந்தத் தீர்மானத்தை ரத்து செய்ய உயர் நீதிமன்றம் மறுத்தது. கடைசியாக வாங்கிய கூலி குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதில்தான் அழுத்தம் கொடுத்தது. ஒப்பந்தம் விடுவதே சட்டவிரோதம் என்று நீங்கள் மன்றத்தில் வாதிட்டால் தோற்பீர்கள். கூலியைக் குறைத்து, பழைய பணிக்காலத்தை அழித்து விடுவது சட்டவிரோதம் என்று வாதிட்டால் நிற்கும். கூலியைக் குறைக்காவிட்டால் மிச்சமும் இல்லை. மேலே போட்ட கணக்கு அதைத்தான் காட்டுகிறது.

‘நமக்குப் பொறுப்பு இல்லை’ என்பது எவ்வளவு உண்மை?

கொஞ்சமும் இல்லை. ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்காவிட்டால் முதன்மை வேலையளிப்பவரான நகராட்சி கொடுத்துவிட்டுப் பிறகு அவரிடம் வசூலிக்க வேண்டும். வைப்புநிதி கட்டாமல் விட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும் மாதம் 1 சதவீத அபராதமும் ஏறும். ஏஜென்சி ஊரைவிட்டுப் போன பிறகு நோட்டீஸ் நகராட்சி வாசலுக்குத்தான் வரும்.

இதைவிடப் பெரியது பாதாளச் சாக்கடை. குழிக்குள் மனிதரை இறக்குவது, மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி தடை. இறந்தால் ரூ.30 லட்சம், நிரந்தர ஊனம் ஏற்பட்டால் குறைந்தது ரூ.20 லட்சம் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நிர்ணயித்திருக்கிறது. ‘அவர் ஏஜென்சி ஆள்’ என்ற பதில் எந்த நீதிமன்றத்திலும் எடுபடாது. அடைப்பு எடுக்கும் வேலை இந்த ஒப்பந்தத்துக்குள் வருகிறதா, வந்தால் இயந்திரம் யாருடையது என்று பார்த்துவிடுங்கள்.

காலியிடங்களைப் பூட்டி வைப்பது

எந்த நிதி நெருக்கடியிலும் முதலில் தோன்றும் யோசனை இதுதான், யாரும் அழுவதில்லை என்பதால். 2001 நவம்பரில் மாநில அரசு புதிய நியமனங்களை நிறுத்தியது. 2006 வரை நீடித்தது. அந்த ஐந்தாண்டில் ஆள் எடுக்காததால் பிற்பாடு அனுபவம் முதிர்ந்த நடுநிலை அலுவலர் பல துறைகளில் கிடைக்காமல் போனார்கள்.

உங்கள் ஒன்பதில் ஆறு எவை என்று எழுதவில்லை, அவற்றை விட்டுவிடுகிறேன். பில் கலெக்டர் மூன்றையும் காலியாக வைப்பது கையில் இருக்கும் பணத்தை விடுவது. ஒருவர் பார்க்கும் 4,000 வரிவிதிப்பில் சராசரி அரையாண்டு வரி ரூ.1,200 என்றால் ஆண்டுக் கேட்பு, அதாவது வசூலிக்க வேண்டிய வரி, ரூ.96 லட்சம். ஆள் இல்லாமல் வசூல் 10 சதவீதம் சரிந்தால் ரூ.9.6 லட்சம் நிற்கும். அவருடைய ஆண்டுச் சம்பளம் அதில் பாதி வருமா என்று கணக்காளரிடம் கேளுங்கள். ஏப்ரல், அக்டோபர் முதல் முப்பது நாளுக்குள் கட்டுவோருக்கு 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு என்பதையே பல வார்டுகளில் சொல்ல ஆளில்லை.

பணம் எங்கே இருக்கிறது

சம்பளப் பட்டியல், வருகைப் பதிவேடு, வைப்புநிதி மாதாந்திரப் பட்டியல், வங்கி வரவு ஆகிய நான்கையும் ஒரே மாதத்துக்கு எடுத்துப் பெயர் பெயராக ஒப்பிடச் சொல்லுங்கள். ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாத பெயர் எதுவோ அங்கே பணம் கசிகிறது. ஒரே வங்கிக் கணக்கில் இரண்டு பேர் கூலி விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது, நிரந்தரத் தூய்மைப் பணியாளர் என்ற பெயரில் சம்பளம் வாங்கி, அலுவலகத்தில் ஃபைல் தூக்குபவர், வண்டி ஓட்டுபவர், அதிகாரி வீட்டு வேலைக்குப் போகிறவர் எத்தனை பேர்? மன்றத்தில் இந்தக் கேள்வி சங்கடத்தைத் தரும், உறுப்பினர் வீடுகளுக்கும் போகிறார்கள் என்பதால். ஆனால் மாதம் ரூ.40,000 வாங்கும் ஒருவரைத் தெருவுக்குத் திருப்பினால் அவர் இடத்தில் தினக்கூலி தேவையில்லை. பத்துப் பேர் திரும்பினால், யாரையும் நிறுத்தாமல், மாதம் ரூ.1.66 லட்சம் மிஞ்சும். வேலையை விட்டுப் போகும் தினக்கூலிகளின் இடத்தை நிரப்பாமல் விட்டாலே போதும்.

மிகைநேரம், ஞாயிற்றுக்கிழமைப் படி, ஓய்வுபெற்ற பிறகும் ஆலோசகர் என்று தொடர்பவர்கள், மேல்நிலைத் தொட்டிக்கு ஒருவர் என்று மூன்று ஷிஃப்டில் இருக்கும் வால்வு ஆட்கள் ஆகிய செலவுகளையும் பட்டியலிடச் சொல்லுங்கள். நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை போடும் கல்யாண மண்டபமும் ஹோட்டலும் தங்கள் கழிவைத் தாங்களே கையாள வேண்டியவர்கள். அவர்கள் குப்பையை நகராட்சி ஆள் கட்டணமின்றி அள்ளினால் அந்த ஆள் செலவு முழுவதும் நகராட்சி தலையில். ஒரு எச்சரிக்கை: ‘மத்திய நிதிக்குழு மானியத்தில் சம்பளம் கொடுத்துச் சமாளிப்போம்’ என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2021-26 காலத்துக்கான 15-ஆவது நிதிக்குழு மானியத்தைச் சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் தொடக் கூடாது. குடிநீர் நிதியிலிருந்து பொதுநிதிக்கு ‘கடன்’ எடுப்பதும் தணிக்கையில் ஆட்சேபணையாக ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

அக்டோபர் என்ற தேதியும் கவலை தருகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் மாதத்தில், எந்தத் தெருவில் எந்த வாய்க்கால் அடைக்கும் என்று தெரிந்த 62 பேரை அனுப்பிவிட்டுப் புது ஆட்களை இறக்குவது கடலூர் மாவட்டத்தில் யாரும் செய்யக் கூடாதது. 2015 நவம்பர் வெள்ளமும், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை கரை மீறியதும் உங்கள் மன்றத்தில் எல்லாருக்கும் நினைவிருக்கும். எந்த மாற்றமானாலும் பிப்ரவரிக்குப் பிறகு என்று கேளுங்கள்.

கூட்டத்தில் என்ன செய்யலாம்

உங்கள் தலையில் விழுமா என்று கேட்டீர்கள். நல்லெண்ணத்தோடு வாக்களித்ததற்காக உறுப்பினரிடம் தனியாகப் பணம் கேட்பது வழக்கமில்லை. சட்டச் சிக்கல் இருக்கிறது என்று எழுத்தில் சொல்லப்பட்ட பிறகும் கைதூக்கினால் நிலை வேறு. அதனால் எழுத்தில் இறங்குங்கள்.

கூட்டத்துக்கு முன் ஆணையருக்கு ஒரு கடிதம்: ஏஜென்சி மதிப்பீட்டின் உள்விவரம், அதில் வைப்புநிதி, இ.எஸ்.ஐ., போனஸ், சேவைக் கட்டணம் தனித்தனியாக. 62 பேரின் பணிக்காலமும் நிலுவைத் தொகையும். சட்ட ஆலோசகரின் கருத்து. இவை இல்லாமல் பொருள் வந்தால் ஒத்திவைக்கக் கோருங்கள். முழுதாக எதிர்ப்பதைவிட ஒத்திவைப்புக்குக் கைகள் எளிதில் கிடைக்கும். முடக்குகிறாள் என்ற பேச்சும் எழாது.

ஒத்திவைப்பு நடக்காமல் தீர்மானம் நிறைவேறும் என்று தெரிந்தால் மூன்று திருத்தங்களைக் கொண்டுவாருங்கள். இருக்கும் 62 பேரையே கடைசியாக வாங்கிய கூலிக்குக் குறையாமல் எடுக்க வேண்டும், பழைய பணிக்காலத்தின் பணிக்கொடையை நகராட்சி எழுத்தில் ஏற்க வேண்டும். முந்தைய மாத வைப்புநிதி, இ.எஸ்.ஐ. செலுத்திய பட்டியலும் தொழிலாளர் வங்கிக் கணக்கில் கூலி விழுந்த ஆதாரமும் இணைக்காமல் எந்த பில்லும் பாஸ் ஆகக் கூடாது. இரண்டு மாதக் கூலிக்குச் சமமான வங்கி உத்தரவாதம் ஏஜென்சியிடம் வாங்க வேண்டும். இந்த மூன்றும் ஏற்கப்பட்டு, மிகக் குறைந்த விலை சொன்ன ஏஜென்சி பின்வாங்கினால், அவர் விலை எதிலிருந்து வந்தது என்பதும் தெரிந்துவிடும்.

உங்கள் வார்டு அக்காவிடமும் மற்றவர்களிடமும் வைப்புநிதி எண், பழைய அடையாள அட்டை, வங்கிப் புத்தகப் பக்கங்கள் ஆகியவற்றை நகலெடுத்து வைக்கச் சொல்லலாம். 240 நாளை நிரூபிக்க வேண்டிய சுமை முதலில் அவர்கள் மீதுதான் விழும். பதிவேடு அலுவலகத்தில் ‘கிடைக்கவில்லை’ என்றாகிவிடும் சாத்தியம் எப்போதும் உண்டு.

திருத்தங்களும் தோற்றால் மறுப்புக் குறிப்பு கொடுங்கள். நான்கு வரி போதும்: நிதி நெருக்கடியை ஏற்கிறேன், ஆட்குறைப்பு இழப்பீடும் பணிக்கொடையும் மதிப்பீட்டில் சேர்க்கப்படவில்லை, கூலிப் பாதுகாப்பு நிபந்தனை இல்லை, ஆகவே உடன்படவில்லை. அதை வாயால் சொல்லாமல் கையெழுத்திட்டுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் வாங்குங்கள். அடுத்த கூட்டத்தில் முந்தைய நடவடிக்கைகளை உறுதிசெய்யும்போது உங்கள் குறிப்பு வார்த்தை மாறாமல் தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.